கித்தாப் பாலும் கிங் காங்கும்

1933இல் வந்த ‘கிங் காங்’ படத்தை இன்னொரு முறை பார்க்க வாய்த்தால் கதையை ஒதுக்கிவிட்டு அந்த ராட்சதக் குரங்கின் முடியை மட்டும் கவனித்துப் பாருங்கள். குரங்கு நின்ற இடத்தில் நிற்கும். முடி மட்டும் ஓயாது. காற்றே இல்லாத இடத்தில் தோளில் ஒரு சுழி கிளம்பும். அடுத்த கணம் அது மார்புக்குத் தாவும், பிறகு முதுகுக்கு. எல்லாம் பொம்மைக் குரங்கை அசைத்த வில்லிஸ் ஓ’பிரையனின் விரல் செய்த வேலை. பொம்மையை ஒரு நூலளவு நகர்த்த வேண்டுமானாலும் அதைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். பிடித்த இடத்தில் முடி கலையும். கலைந்தது கலைந்தபடி ஒரு பிரேம் பதிவாகும். அடுத்த பிரேமுக்கு வேறொரு இடத்தில் பிடி, அங்கே வேறொரு கலைசல். நொடிக்கு 24 பிரேம் வீதம் ஓட்டினால் திரையில் குரங்குக்கு மயிர்க்கூச்செறிகிறது.

ஒட்டியிருந்தது முயல் முடி. இப்படிக் கலைவது தெரிந்துவிடுமே என்று செய்தவர்களுக்கு உள்ளூரக் கவலை. படத்தைப் போட்டுப் பார்த்த கம்பெனி ஆளோ, காங்குக்குக் கோபம் வந்ததும் முடி சிலிர்ப்பதை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டியிருக்கிறார்கள் என்று மெச்சினாராம். இந்தக் கதை, பொம்மையை இப்படி நகர்த்தி நகர்த்திப் படமெடுக்கும் ஸ்டாப் மோஷன்காரர்கள் நடுவே தலைமுறை தலைமுறையாக உலவுகிறது. எனக்கு இதில் பிடித்தது, அந்த ஆள் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான். உண்மையிலேயே அது சிலிர்ப்பாகத்தான் தெரிகிறது. இந்தக் கலையில் ரசிக்க வேண்டியதே அதுதான் என்பேன்: கை ஒளிந்துகொள்ளப் பார்த்து, ஒளிய முடியாமல் மாட்டிக்கொள்ளும் இடம்.

காங் 18 அங்குலப் பொம்மை. உள்ளே மூட்டு மூட்டாக உலோக எலும்பு. பந்தும் கிண்ணமும் போன்ற மூட்டுகள் என்பதால் திருப்பிய பக்கம் திரும்பும், விட்ட இடத்தில் நிற்கும். அதன் மேல் சதைக்கு ரப்பர் பஞ்சு, தோலுக்கு ரப்பர் பால், மேலே முயல் முடி. இதையெல்லாம் கட்டி எழுப்பியவர் மெக்சிகோவில் பிறந்த மார்செல் டெல்காடோ. ஓ’பிரையனும் இவரும் சேர்ந்த இதே கூட்டணி 1925இல் ‘தி லாஸ்ட் வேர்ல்டு’ படத்துக்கு டைனோசர்களைச் செய்தபோது, பொம்மையின் வயிற்றுக்குள் காற்றுப் பை வைத்து, பிரேமுக்குப் பிரேம் கொஞ்சம் ஊதி, கொஞ்சம் இறக்கி மூச்சுவிட வைத்தார்கள். சாகப்போகும் பிராணியின் விலா ஏறி இறங்குவதைப் பார்த்தால் ரப்பர் என்பது மறந்துபோகும்.

ரப்பர் பால், எங்கள் பேச்சில் கித்தாப் பால், என்றதும் மலேசியாவின் கோலா கங்சார்க்காரன் நான் நிமிர்ந்து உட்காருவதில் ஆச்சரியமில்லை. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன ஏறக்குறைய 70,000 விதைகளில், லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 இங்கே, எங்கள் ஊரில், பேராக்கின் ஆங்கிலேய ரெசிடெண்ட் ஹியூ லோ இருந்த வீட்டருகே நடப்பட்டன. அந்தக் காலத்து மரமொன்று மாவட்ட அலுவலகத்தின் அருகில் இன்றும் கம்பி வேலிக்குள் நிற்கிறது. காங்கின் தோல் இந்த மரத்து வாரிசுகளின் பால்தான் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த வருஷங்களில் உலகச் சந்தைக்குப் போன ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்து போனது. சொந்தம் கொண்டாட அவ்வளவு போதாதா?

பின்னால் வந்த பொம்மைகளுக்கு இந்த உறவு இன்னும் நெருக்கம். 1929இல் பர்மிங்காமில் டன்லப் கம்பெனியின் ஆய்வாளர் ஒருவர், ரப்பர் பாலைக் கேக்குக்கு மாவு அடிக்கும் கருவியில் போட்டு நுரைக்க அடித்துப் பார்த்தார். அந்த நுரையை அப்படியே இறுகவைத்தால் அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழும்பும் பஞ்சு கிடைத்தது. மெத்தைக்கும் கார் இருக்கைக்கும் போன அந்தப் பஞ்சு ஸ்டாப் மோஷன் பொம்மைகளுக்கும் வந்தது. பாலில் நுரைக்க ஒன்று, இறுக ஒன்று, வேக கொஞ்சம் கந்தகம் என்று சேர்த்து அடித்து, உலோக எலும்புக்கூடு வைத்த சாந்து அச்சுக்குள் ஊற்றி, அடுப்பில் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். பக்குவம் தப்பினால் நுரை அமர்ந்து போகும், மறுபடி முதலிலிருந்து. கேட்பதற்குப் பலகாரக் கடைச் சமாசாரம் மாதிரி இருந்தாலும் அந்தப் பட்டறையில் அடிப்பது அம்மோனியா நெடி. பால் உறையாமலிருக்கச் சேர்ப்பது. தோட்டத்தில் பால் ஸ்டோர் பக்கம் வளர்ந்தவர்கள் கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த நெடியைச் சொல்லிவிடுவார்கள்.

என் தங்கை மகள் ஒருத்தி இந்தக் கிறுக்கில் விழுந்திருக்கிறாள். பள்ளி விடுமுறை முழுக்கச் சாப்பாட்டு மேசை அவளுக்குத்தான். ஒரு பால்மரம், ஒரு பால்வெட்டுக்காரர், விடியற்காலை. இவ்வளவுதான் படம். ஆள் ஒரு சாணுக்குச் சற்றுக் கூட இருப்பார், நிஜத்தில் ஆறில் ஒரு பங்கு. முறுக்கிய அலுமினியக் கம்பி எலும்பு, ஸ்பாஞ்சு சதை, முழுக்கைச் சட்டை, தலையிலும் கழுத்திலும் சுற்றிய துண்டு, நெற்றியில் விளக்கு. பால் பிடிக்க மரத்தில் கட்டிய மங்கு எதுவென்று உற்றுப் பார்த்தேன். ரப்பர் கொட்டையின் ஓட்டைப் பாதியாக உடைத்து, உட்புறத்துக்கு வெள்ளையடித்திருக்கிறாள். மரத்தின் கொட்டையே அதன் மங்காகிவிட்டது! அளவும் கனகச்சிதம். காய்ந்த காய் வெடித்துக் கூரைமேல் சடசடவென்று கொட்டை விழும் சத்தம் கேட்டு வளர்ந்த எனக்கு அது மங்கு ஆகும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

பொம்மைக்கு முகம் செய்ய அவள் முதலில் போனது ஆற்றுக்கு அந்தப் பக்கம், சாயோங். கறுப்புச் சுரைக்காய் வடிவத் தண்ணீர்க் குடுவைக்குப் பேர்போன ஊர். அந்தக் களிமண் கையில் எடுத்ததும் சொன்னபடி கேட்கும், மேசை விளக்குச் சூட்டில் வைத்தால் உலர்ந்து கன்னத்தில் கோடு விடும். குயவர் கைக்கு உலர்வது வரம், படம் எடுப்பவர் கைக்குச் சாபம். அதனால்தான் உலகெங்கும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எண்ணெய் கலந்த பிளாஸ்டிசினைப் பிடித்துக்கொண்டார்கள். அது மாதக்கணக்கில் காயாது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. சாயோங்கில் சட்டியை வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து விரல் தடமே இல்லாமல் செய்துவிடுவார்கள், பிறகுதான் சூளை, உமிப் புகை, அந்தக் கரிய மினுக்கம். பிளாஸ்டிசினில் ஒவ்வொரு பிரேமும் ஒரு புதுத் தடம்.

படத்தில் பெரிய சிக்கல் பால். தண்ணீர், நெருப்பு, புகை மூன்றும் குட்டியாகச் சம்மதிக்காது. வீட்டைச் சிறிதாக்கலாம், சொட்டைச் சிறிதாக்க முடியாது. நிஜப் பாலைக் கொண்டுவந்து ஊற்றியும் பார்த்தாள். இரண்டு பிரேம் எடுப்பதற்குள் ஓரம் மஞ்சளாகி, ஒட்டுப்பாலாகிவிட்டது. ராட்சதக் குரங்குக்குத் தோலாக நடித்த சரக்கு, தன் வேஷத்தைத் தானே போட வராமல் நிற்கிறது! கடைசியில் வெள்ளைப் பிளாஸ்டிசினை நூலாகத் திரித்து, ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் நீளமாக வரிசையாய்ச் செய்துவைத்தாள். வெட்டுக்கோட்டில் ஒன்றை ஒட்டி ஒரு பிரேம், அதைப் பிய்த்து அடுத்ததை ஒட்டி ஒரு பிரேம். ஓட்டிக் காட்டியபோது பால் கசிந்து, தயங்கி, சாய்வில் இறங்கி, தகரத் தூம்பு முனையில் ஒரு கணம் தொங்கி, மங்கில் விழுந்தது. அந்தத் தொங்கல் இருக்கிறதே, அதற்கு மட்டும் நாலு பிரேம். அது இல்லையென்றால் அது பால் இல்லை, வெறும் வெள்ளைக் கயிறு.

“மாமா, மூச்ச அந்தப் பக்கமா விடுங்க, துண்டு ஆடுது” என்றாள்.

சரிம்மா என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. எங்கள் ஊர் மத்தியான வானம் நம்ப முடியாதது. வெயில் அடிக்கும், மேகம் மூடும், இடி இடிக்கும். நிஜ வெளிச்சத்தை நம்பி எடுத்தால் படம் மின்மினிப்பூச்சி மாதிரி மினுக்கும். அதனால் ஒரே ஒரு விளக்கு, அசையாத கைப்பேசி, திரையில் முந்தைய பிரேம் ஆவியாகத் தெரியும் ஒரு செயலி. வெட்டி முடித்த ஆள் உளியை இறக்கிவிட்டு மரத்தை அண்ணாந்து பார்க்கும் இடம் ஒன்று உண்டு. அப்போது ஆள் அசையக் கூடாது. அப்படியே விட்டுப் பத்துப் பிரேம் எடுத்தால் திரையில் ஆள் செத்துப்போகிறார்! நிற்பதற்கும் செத்துக் கிடப்பதற்கும் நடுவில் ஒரு மயிரிழைதான். எனவே, பார்ப்பவருக்குத் தெரியாத அளவில், இரண்டு பிரேமுக்கு ஒருமுறை சுண்டுவிரலை மட்டும் துளி மடக்கி வைத்தாள். அவர் மூச்சு விட ஆரம்பித்தார்.

கறாராகப் பார்த்தால் இந்த வித்தை புதுசே இல்லை. 1912 வாக்கில், ‘ராஜா ஹரிச்சந்திரா’வுக்குப் பணம் திரட்டுவதற்காகத் தாதாசாகேப் பால்கே ஒரு பட்டாணியைத் தொட்டியில் நட்டு, அது முளைத்துக் கொடியாவதை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் படம்பிடித்து ஓட்டிக் காட்டினார். சில வருஷத்தில் தீக்குச்சிகளை நகர்த்தியும் ஒரு குறும்படம் எடுத்தார். அதே 1912இல் ரஷ்யப் பேரரசில் லாடிஸ்லாஸ் ஸ்டாரெவிச், இறந்த வண்டுகளின் கால்களைக் கழற்றி, கம்பியை மெழுகால் ஒட்டி, வண்டு கணவன், வண்டு மனைவி, கேமரா வைத்துப் பழிவாங்கும் வெட்டுக்கிளி என்று ஒரு குடும்பக் கதையே எடுத்தார். பார்த்தவர்களில் சிலர் வண்டுகளைப் பழக்கியிருக்கிறார்கள் என்று நம்பினார்களாம்.

நாள்தோறும் கொஞ்சமாக வளர்ந்த அந்தப் பட்டாணி என்றதும் எனக்கு ரப்பர் மரத்து வெட்டுப்பட்டை நினைவுக்கு வருகிறது. பால்வெட்டுக்காரர் ஒருநாள் விட்டு ஒருநாள் அதே மரத்துக்கு வந்து, அதே சாய்கோட்டில், முந்தாநாள் விட்ட இடத்திலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சீவுகிறார். ஆழம் போனால் மரத்துக்குக் காயம், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வாயில் விழ வேண்டும். மேலாகப் போனால் பால் இல்லை. மழை, இலையுதிர்வு எல்லாம் போக வருஷத்துக்கு நூற்றைம்பது வெட்டு என்று வைத்துக்கொண்டால் கோடு ஒரு சாண் இறங்கியிருக்கும். வெட்டுக்கு ஒரு பிரேம் என்று எவராவது பொறுமையாக எடுத்திருந்தால் ஒரு வருஷத்து உழைப்பு ஆறே நொடிப் படம். எடுக்காவிட்டாலும் மரத்தில் அது பதிவாகித்தான் இருக்கிறது. பழைய ஆட்கள் பட்டையைத் தடவிப் பார்த்தே இது இன்னார் கை என்று சொல்வார்கள். அவசரக்காரர் கோடு அலையும், நிதானக்காரர் கோடு ரூல்தடி வைத்தது போல இறங்கும், கண் மங்கிய காலத்தில் விழுந்த காயம் முண்டாகப் புடைத்து நிற்கும். ஸ்டாப் மோஷன் படத்தையும் இப்படித்தான் தடவிப் பார்க்க வேண்டும்.

தடவிப் பார்க்கத் தோதான கை என்றால் ரே ஹாரிஹவுசனுடையது. 13 வயதில் ‘கிங் காங்’ பார்த்துவிட்டு வீட்டுக் கொட்டகையில் பொம்மை செய்யத் தொடங்கிய மனிதர். 1963இல் வந்த ‘ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்’ படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் மூன்று மனிதர்களோடு வாள் சண்டை போடும். திரையில் நாலு நிமிஷம் சொச்சம், அவருக்கு நாலரை மாதம். ஓர் எலும்புக்கூட்டுக்கு இரண்டு கை, இரண்டு கால், ஒரு தலை. ஏழுக்கும் சேர்த்து ஒரு பிரேமுக்குக் குறைந்தது 35 அசைவு, எல்லாம் ஒரே ஆளின் கையால். சில நாட்களில் 13 பிரேம்தான் தேறியதாம், அதாவது அரை நொடி. இடையில் தொலைபேசி மணி அடித்து, எந்தக் கை மேலே போய்க்கொண்டிருந்தது என்று மறந்தால் தீர்ந்தது கதை. ஏழில் ஒன்று, 1958இல் சிந்துபாத் படத்தில் நடித்த பழைய எலும்புக்கூடு. சாயம் பூசி மறுபடி வேலைக்கு வைத்துக்கொண்டார்.

எல்லாரும் புகழ்வது சண்டையை. எனக்குச் சண்டைக்கு முன்னால் வரும் சில நொடிகள்தான் உசத்தி. மண்ணைப் பிளந்து எழுந்தவை வரிசையாக நிற்கின்றன. ஓடி வரவில்லை. கேடயத்தை முன்னால் நீட்டி, முழங்கால் மடித்து, ஓர் அடி. நிறுத்தம். இன்னோர் அடி. சதையே இல்லாத காலுக்கு ஏது பாரம்? ஆனால் பாதம் தரையில் பட்டதும் இடுப்பு கொஞ்சம் தாமதமாக இறங்குகிறது. அந்தத் தாமதம்தான் பாரம். இவற்றின் எலும்பும் பஞ்சை ரப்பர் பாலில் தோய்த்து உலோகச் சட்டத்தின்மேல் சுற்றியதுதான். பிறகு ஒரு கூச்சல், ஒரே பாய்ச்சல். மெதுவாக வந்த அந்த நாலடி இல்லையென்றால் பாய்ச்சலுக்கு மதிப்பில்லை.

நம் பக்கத்திலும் இப்படிக் கண்ணை ஏமாற்றிய கைகள் உண்டு. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தை அறிந்தவர்கள் 1957இன் ‘மாயா பஜா’ரை மறந்திருக்க மாட்டார்கள். கடோத்கஜன் விருந்தில் லட்டு தானாக எழும்பி எஸ்.வி. ரங்காராவின் வாய்க்குள் போகும். அந்த ஒரு காட்சிக்கு நாலு நாள் பிடித்தது என்பார்கள். அதே படத்தில் நிலவொளியில் தெரியும் துவாரகை, ஸ்டூடியோவில் 50க்கு 60 அடி இடத்தில் ஏறக்குறைய 300 குட்டி வீடுகளை விளக்கோடு நிறுத்திக் காட்டியது. ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. குட்டி நகரைப் பெரிய நகராக நம்ப வைப்பது வீடல்ல, வெளிச்சம். தூரத்து வீடு மங்கலாகவும் கிட்டத்து வீடு துலக்கமாகவும் இல்லாவிட்டால் நவராத்திரிக் கொலு ஆகிவிடும்.

மலேசியாவின் முதல் அசைவூட்டக் குறும்படத்துக்குப் பின்னாலும் ஒரு தமிழ்ப் பெயர் இருப்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. அரசுத் திரைப்பட நிறுவனமான பிலெம் நெகாராவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர். அவருடைய ‘ஹிக்காயாட் சாங் கஞ்சில்’ 1983இல் தொலைக்காட்சியில் வந்தது. அது பொம்மைப் படமல்ல, கையால் வரைந்தது. ஆனாலும் ஒவ்வொரு பிரேமையும் ஒரு மனிதர் தொட்டு எழுப்பியது என்ற கணக்கில் இதே குலம்தான்.

பிளாஸ்டிசின் குலத்துக்கு ராஜா, இங்கிலாந்தின் ஆர்ட்மன் பட்டறை. அங்கே நிக் பார்க் செய்த குரோமிட் என்ற நாய்க்கு வாயே கிடையாது. முதலில் பேசவைக்கத்தான் எண்ணம். 1989இல் வந்த முதல் படத்தை எடுக்கும்போது, புருவத்தை ஒரு கடுகளவு ஏற்றினாலே நாய் எசமானைப் பார்த்து அலுத்துக்கொள்வது தெரிகிறது என்று கண்டுகொண்டார், வாய் தேவையில்லாமல் போயிற்று. 1993இன் ‘தி ராங் டிரவுசர்ஸ்’ படத்து வில்லன் பென்குயினுக்குப் புருவமும் இல்லை. கறுப்பு மணியாக இரண்டு கண், அவ்வளவே. அது திரும்பும் வேகத்தை வைத்தே அதன் கெட்ட எண்ணத்தை நாம் படிக்கிறோம். அந்தப் பென்குயின் மாறுவேஷம் போடத் தலையில் கவிழ்த்துக்கொள்வது என்ன தெரியுமா? சிவப்பு ரப்பர் கையுறை! சேவல் கொண்டையாம். உலகிலேயே ரப்பர் கையுறை அதிகம் செய்யும் நாட்டில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சிரிப்பு வரும். ஆர்ட்மன் படங்களில் கன்னத்தில், காதோரத்தில், வெளிச்சம் சாய்வாக விழும்போது கைரேகை பளிச்சென்று தெரியும். அவர்கள் அதை அழிக்க மெனக்கெடுவதில்லை.

அழிக்க மெனக்கெடுபவர்கள் அமெரிக்காவின் லைக்கா பட்டறைக்காரர்கள். 2009இன் ‘கோரலைன்’ பொம்மைகளின் முகம் கண்ணுக்கு நடுவே இரண்டாகப் பிரியும். மேல்பாதி புருவத்துக்கு, கீழ்ப்பாதி வாய்க்கு. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் முகங்களை அச்சிட்டு, பிரேமுக்குப் பிரேம் மாற்றி மாட்டுகிறார்கள். மாட்டிய இடத்தில் தெரியும் கோட்டைக் கணினியில் துடைத்துவிடுகிறார்கள். உழைப்பைக் குறைசொல்ல வாயில்லை. அந்தப் பெண்ணின் பின்னல் சட்டையைக் கம்பளி நூலில், ஊசிமுனை அளவு கம்பிகளில் பின்னியிருக்கிறார்கள். ஆனால் எல்லாம் அவ்வளவு வழவழப்பாக ஓடும்போது, இது கணினியில் வரைந்ததோ என்று கண் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுகிறது. கோடி கோடியாகச் செலவழித்து, கையால் செய்ததைக் கையால் செய்யாதது போலக் காட்டுவானேன்?

2015இல் வந்த ‘அனோமலீசா’வில் சார்லி காஃப்மனும் டியூக் ஜான்சனும் அந்தக் கோட்டைத் துடைக்காமல் விட்டார்கள். நடு வயதுக்காரர் ஒருவர் ஓட்டல் அறைக் கண்ணாடி முன் நிற்கிறார். கண்ணோரத்திலிருந்து காதுவரை, மூக்குக் கண்ணாடிக் காம்பு போகும் வழியில், முகம் இரண்டாகப் பொருந்திய கோடு பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. ஐந்து நிமிஷத்தில் அதை மறந்துவிடுகிறோம். கோடு போட்ட முகத்தோடு அவர் கூச்சப்படுகிறார், பொய் சொல்கிறார், ஒரு பெண்ணின் குரலைக் கேட்டுத் தடுமாறுகிறார். நாமும் கூடவே தடுமாறுகிறோம். என் தங்கை மகளிடம் இந்தக் கோட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் பால்வெட்டுக்காரர் கழுத்துத் தையலை மறைக்கச் சுற்றியிருந்த துண்டை அவிழ்க்கலாமா என்று கேட்டாள். விடியற்காலைக் கொசுவுக்குத் துண்டு வேணும்மா, தையலை வேண்டுமானால் மறைக்காதே என்றேன்.